யார் வாங்கிய பந்தானாலும்

(இராமநாதபுரத்தில் கோடைக்காலக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் மன்றச் செயலாளர்கள், நடுவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், ஆட்டக்காரர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கடலோரத்தில் கால்பந்துக்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் என்று எல்லா இடத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதற்குள்ளேதான் வருகிறது. கடலுக்குப் போகிற பையனும் கல்லூரிக்குப் போகிற பையனும் ஒரே அணியில் நிற்க முடிகிற நாள்கள் அவைதான். உடனே சுவரொட்டி முளைக்கிறது: ‘மாபெரும் மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டி’. முதல் பரிசு யார் தருகிறார், கோப்பை யார் தருகிறார், நினைவுக் கோப்பை யார் நினைவில், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். எந்தப் பந்தில் ஆடப்போகிறோம் என்பது மட்டும் இருக்காது. சண்டை முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

ஆஃப்சைடு தகராறு ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பெனால்டி தகராறு அன்று இரவோடு போகும். பந்துத் தகராறு அப்படியில்லை. அது ஆட்டத்துக்கு முன்பே தொடங்கி, தோற்ற அணி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கும். “அண்ணே, அது காத்தில்லாத பந்து”, “எங்க பந்துல ஆடியிருந்தா கதையே வேற”, “ரப்பர் பந்தைக் கொடுத்து எங்க கோலியை ஏமாத்திட்டாங்க.” இதையெல்லாம் கேட்காத நடுவர் இந்த அவையில் இருந்தால் கை தூக்குங்கள். யாரும் தூக்கவில்லை. நல்லது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பந்தை மன்றம் வாங்கியிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற மச்சான் அனுப்பியிருக்கலாம், ஊராட்சி கொடுத்திருக்கலாம். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அது நடுவர் கைக்கு வந்துவிட வேண்டும். கடைசி விசில் வரை அது நடுவருடைய பந்து. அதைச் சோதிப்பதும், ஏற்பதும், மறுப்பதும், நடுவில் மாற்றுவதும் அவர் ஒருவர் வேலை. பந்து வைத்திருப்பவன் பேட்டிங் பிடிப்பான் என்கிற தெருக் கிரிக்கெட் நியாயம் இங்கே செல்லாது.

இது சின்ன ஊர்ப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தையே இது ஆட்டி வைத்தது. 1930 ஜூலை 30, மொண்டெவிடியோ நகரத்தின் சென்டெனாரியோ மைதானம். உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. எங்கள் பந்தில்தான் ஆடுவோம் என்று இரண்டு அணியும் பிடிவாதம். நடுவர் பெல்ஜியத்துக்காரர், ஜான் லாங்கனஸ். கடைசியில் முதல் பாதி அர்ஜென்டினா பந்தில், இரண்டாம் பாதி உருகுவே பந்தில் என்று முடிவாயிற்று. இடைவேளையில் அர்ஜென்டினா 2–1 என்று முன்னணியில் இருந்தது. பந்து மாறியது. ஆட்டம் முடிந்தபோது உருகுவே 4–2 என்று வென்றிருந்தது. பந்துதான் காரணமா, சொந்த மண்ணின் கூட்டமா, ஆட்டமா என்று இன்றும் பேசுகிறார்கள். நூறு ஆண்டு ஆகப்போகிறது, பேச்சு அடங்கவில்லை.

நம் ஊர்களிலும் ‘பாதிக்குப் பாதி’ சமரசம் உண்டு. உங்கள் பந்தில் ஒரு பாதி, எங்கள் பந்தில் ஒரு பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோற்கிறவனுக்குக் காரணம் சொல்ல ஒரு பாதியை நாமே எழுதிக் கொடுப்பது அது. போட்டிக் குழு ஒரே வகைப் பந்து இரண்டோ மூன்றோ வாங்கி வைத்து, எல்லா ஆட்டத்துக்கும் அதையே கொடுப்பதுதான் சரி. அதற்குப் பணமில்லை, அணிகள் கொண்டுவருகிற பந்துதான் என்றால், இரண்டையும் நடுவர் வாங்கிப் பார்க்கட்டும். டாஸ் போடும் முன், இரண்டு கேப்டனும் பக்கத்தில் நிற்கும்போது பார்க்கட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மாற்றுப் பந்தாக ஸ்கோர் மேசையில் வைக்கட்டும். தேர்வுக்கான காரணத்தை அங்கேயே இரண்டு கேப்டனிடமும் சொல்லிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

என்ன பார்ப்பது? கால்பந்து விதிகளை எழுதுவது சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம், 1886-இல் ஏற்பட்டது. அதன் விதிப் புத்தகத்தில் இரண்டாவது விதி முழுக்கப் பந்துக்குத்தான். பந்து உருண்டையாக இருக்க வேண்டும். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எடை 410 முதல் 450 கிராம். உள்ளே காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அளவு. பம்பில் பார்த்தால் 8.5 முதல் 15.6 பவுண்டு. இந்த அழுத்த அளவுக்கு விதிப் புத்தகம் ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறது: கடல் மட்டத்தில். இமயமலைக்கு மேலே உயரத்தில் ஆடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். நமக்குக் கணக்கே வேண்டாம். பாம்பனில் பந்து கோட்டைத் தாண்டி ஓடினால் போய் நிற்பதே கடல் மட்டத்தில்தான்.

இந்த அளவுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுற்றளவுக்கு இரண்டே சென்டிமீட்டர் இடம் கொடுத்த விதி, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கொடுத்திருக்கிறது. 0.6-இல் இருக்கிற பந்தும் 1.1-இல் இருக்கிற பந்தும் இரண்டுமே சட்டப்படி சரி. ஆனால் காலில் பட்டால் இரண்டும் வேறு வேறு பந்து. ஒரு கேப்டன் வந்து “சார், கல்லு மாதிரி இருக்கு” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பந்தும் விதியை மீறவில்லை. இங்கேதான் நடுவருடைய மதிப்பீடு வேலை செய்கிறது. பெரும்பாலான பந்துகளில் ஊசி போடும் ஓட்டைக்குப் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று தயாரிப்பாளரே அச்சடித்திருப்பார். முதலில் அதைப் படியுங்கள். அதற்குள், நம் கட்டாந்தரை மைதானங்களுக்கு 0.7, 0.8 போதும் என்பது என் கணிப்பு. புல் இல்லாத இறுகிய தரையில் 1.0-க்கு மேல் அடித்த பந்து ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல்தான் குதிக்கும். அப்போது நடப்பது கால்பந்து இல்லை. மணலில், வெறுங்காலில் ஆடுகிற கடற்கரைக் கால்பந்துக்குத் தனி விதிப் புத்தகமே இருக்கிறது. அதில் காற்றின் அளவு இதைவிடக் குறைவு.

அளக்கிறதுக்குக் கருவி எங்கே என்று கேட்கலாம். நம் ஊரில் இல்லாததா? மீன் ஏலம் போடுகிற இடத்தில் மின்னணுத் தராசு இல்லாத கரை ஏது? சின்ன அளவுக்கு மளிகைக் கடைத் தராசு இன்னும் துல்லியமாகக் காட்டும். சுற்றளவுக்குத் தையல்காரர் டேப். மேலும் கீழும் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று என்று இரண்டு இடத்தில் அளந்தால் பந்து முட்டையாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். காற்றுக்கு மட்டும் முள் வைத்த ஒரு சின்ன அளவி வாங்குங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து “சரி, ஆடலாம்” என்று சொல்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கட்டைவிரலுக்கு ஆளுக்கு ஒரு கணக்கு. வலை இழுத்துக் காய்த்த விரலுக்கு எந்தப் பந்தும் மெத்தென்றுதான் இருக்கும்.

எடை விஷயத்தில் விதி ‘ஆட்டத் தொடக்கத்தில்’ என்று சொல்கிறது. ஏன் தொடக்கத்தில்? ஒரு காலத்தில் பந்து தோலால் ஆனது. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மேலே வாய் கட்டிய கயிறு வேறு. தலையால் முட்டினால் நெற்றி கிழியும். அர்ஜென்டினாவின் பெல் வில் என்ற ஊரில் 1931-இல் மூன்று பேர் கயிறில்லாத, வால்வு வைத்த பந்தைச் செய்து காட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்ஸை எதிர்கொண்டபோது நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டி வீணாகி 1–2 என்று தோற்றோம். அந்தக் காலத்துத் தோல் பந்தை வெறுங்காலால் அடிப்பது என்றால் என்ன என்று இன்றைய பையன்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முழுக்கச் செயற்கைப் பொருளில் செய்த உலகக் கோப்பைப் பந்து 1986-இல்தான் வந்தது.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். இதை வெளியூர் விதிப் புத்தகம் விரித்துச் சொல்லாது. இராமநாதபுரத்தில் விசில் ஊதுகிறவர் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில், நிழலில், 28 டிகிரியில் பந்துக்கு 1.0 அளவு காற்று அடிக்கிறீர்கள். முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். ஆகவே உள்ளே இருக்கிற மொத்த அழுத்தம் 2.0. பந்தை மைதான ஓரத்தில் வெயிலில் போட்டுவிட்டுப் பரிசளிப்பு மேடைக்குப் பந்தல் கட்டப் போய்விடுகிறீர்கள். மே மாத வெயிலில் பந்தின் உள்காற்று 48 டிகிரிக்குச் சூடேறியது என்று வையுங்கள். இயற்பியல் ஆசிரியர்கள் இருந்தால் சரிபாருங்கள்: 301-லிருந்து 321 கெல்வின். அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். மொத்தம் 2.13, முள் 1.13 காட்டும். காலையில் சட்டப்படி இருந்த பந்து, யாரும் தொடாமலே, மாலையில் விதியை மீறிய பந்தாகிவிட்டது. பந்து தைத்த இடத்தில் பிரிவதும் வால்வு பிதுங்குவதும் இப்படித்தான். ஆகவே பந்து நிழலில் இருக்கட்டும். பந்தைக் காலையில் அளக்காமல், ஆட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் அளந்துகொள்ளுங்கள்.

மின்னொளி ஆட்டத்தில் கதை தலைகீழ். பிற்பகல் சூட்டில் சரியாக அடித்த பந்து, இரவு பத்து மணி ஆட்டத்துக்குள் குளிர்ந்து தளர்ந்திருக்கும். “லீக் ஆகுது, பந்தை மாத்துங்க” என்பார்கள். லீக் ஆகாமலும் இருக்கலாம். மறுபடி அளந்து இரண்டு அடி அடித்தால் சரியாகிவிடும். ஊசியை உள்ளே விடும் முன் ஈரப்படுத்துங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். எச்சில் தொட்டு விடுவதுதான் நம் ஊர் வழக்கம், அதை ஒழிக்க என்னால் முடியாது. ஒரு சொட்டு கிளிசரின் இருந்தால் உத்தமம். உப்புக் காற்றில் ஊசி ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி வால்வுக்கு இரம்பம். பந்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ஊசிக்குக் கஞ்சத்தனம் பிடிக்கிற மன்றங்களை என்ன சொல்வது!

அடுத்தது முள். சீமைக் கருவேலம் இல்லாத மைதானம் நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கும்? நான்கு பக்கமும் வேலி கட்டிய மாதிரி நிற்கிறது. பந்து கோல் கம்பத்துக்கு மேலே போனால் நேராக அதற்குள்தான். எடுத்துக்கொண்டு வரும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒடிந்த முள் தைத்த இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்கும். பத்து நிமிடம் கழித்து, முக்கியமான நேரத்தில், காற்று இறங்கும். அப்போது நடுவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பெரிய குழப்பம். சில ஊரில் ஆட்டத்தை மைய வட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். சில ஊரில் பந்து யார் பக்கம் இருந்ததோ அவர்களுக்கு ஃப்ரீ கிக் கொடுக்கிறார்கள். இரண்டும் தவறு.

விதி தெளிவாக இருக்கிறது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கெட்டுப்போனால் ஆட்டத்தை நிறுத்தி, வேறு பந்தை எடுத்து, டிராப் பால் போட வேண்டும். 2019-க்கு முன்னால் டிராப் பால் என்றால் இரண்டு அணி ஆளும் எதிரெதிரே நின்று முட்டிக்கொள்வார்கள்; முட்டியில் அடிபடாத ஆள் இல்லை. அந்த ஆண்டு விதி மாறியது. இப்போது பந்தை வைத்திருந்த அணியின் ஒரே ஆளுக்குப் போடுகிறோம். மற்ற எல்லோரும், அவருடைய அணிக்காரர்கள் உள்பட, நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெனால்டி பகுதிக்குள் நின்ற ஆட்டம் என்றால் கோலிக்குத்தான் பந்து. டிராப் பாலை வாங்கியவர் நேரே கோல் அடித்தால் அது கோல் இல்லை. குறைந்தது இரண்டு ஆட்டக்காரர்கள் மீதாவது பட்டிருக்க வேண்டும்.

கார்னர், த்ரோ, கோல் கிக், ஃப்ரீ கிக் எடுக்கிற நேரத்திலேயே பந்து போய்விட்டால் அதையே மறுபடி எடுக்க வேண்டியதுதான். பெனால்டியில்தான் நுணுக்கம். அடித்த பந்து முன்னால் போகும்போது, கோலி மீதோ கம்பத்திலோ படும் முன்பே வெடித்துவிட்டால் பெனால்டி மறுபடி. கம்பத்தில் பட்ட பிறகு வெடித்தால் டிராப் பால். கம்பத்தில் பட்டு வெடித்துக் கோலுக்குள் விழுந்ததை ‘கோல்’ என்று கொண்டாடி ஊரே மைதானத்துக்குள் இறங்கினாலும், கோட்டைத் தாண்டும் முன்பே பந்து கெட்டிருந்தால் கோல் இல்லை. அந்த நேரத்தில் நடுவருக்குத் துணை விதி மட்டும்தான். மைக் பிடித்த வர்ணனையாளர்கூட அவர் பக்கம் இருக்க மாட்டார்.

வெடித்தல் நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் 1946-இலும் பந்து வெடித்தது, 1947-இலும் வெடித்தது. இரண்டு ஆட்டத்திலும் ஆடிய அணி சார்ல்ட்டன். போரை ஒட்டிய ஆண்டுகளில் நல்ல தோல் கிடைக்காததைக் காரணமாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தோல், நமக்கு முள்.

கெட்டுப்போன பந்து வேறு, காணாமல்போன பந்து வேறு. காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பந்து கடலில் விழுந்தால் டிராப் பால் இல்லை. அது கோட்டைத் தாண்டிப் போன பந்து. யார் கடைசியாகத் தொட்டார்களோ அதைப் பார்த்து த்ரோவோ, கார்னரோ, கோல் கிக்கோ, மாற்றுப் பந்தை வைத்துத் தொடங்கலாம். நீந்தத் தெரிந்த பையன்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, பந்து திரும்பி வந்துவிடும். வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காயவையுங்கள். உப்பு காய்ந்தால் தையல் நூல் இற்றுப்போகும். குடிக்கவே நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்த மாவட்டத்தில் பந்து குளிப்பாட்டவா என்று கேட்காதீர்கள். ஒரு சொம்பு போதும்.

மைதானத்தைச் சுற்றி மாற்றுப் பந்துகள் வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது, நடுவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவருடைய அனுமதியில்லாமல் பந்தை மாற்றக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கோல் முன்னணியில் இருக்கிற அணியின் ஆதரவாளர்கள் பந்தை எடுத்துத் தரத் தாமதிப்பது, புதுப் பந்தை ஒளித்துவிட்டுத் தேய்ந்த பந்தை உருட்டிவிடுவது, எதிரணி ஏறி வரும்போது இரண்டாவது பந்தைத் தற்செயல்போல உள்ளே தள்ளுவது எல்லாம் நம் கலைகள். பந்து பொறுக்கும் பையன்களை இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து போடுங்கள். ஊதிய பிறகு பந்தை வேண்டுமென்றே கருவேலங்காட்டுக்குள் அடிக்கிறவருக்கு மஞ்சள் அட்டை உண்டு, தயங்காமல் காட்டுங்கள். தேடப் போன நேரத்தை ஆட்ட முடிவில் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது பந்து உள்ளே வந்தால்? பந்தோ, ஆடோ, நாயோ, உள்ளே வந்த உடனே ஊத வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால் மட்டும் நிறுத்தி டிராப் பால். இடைஞ்சல் இல்லையென்றால் ஆட்டம் ஓடட்டும், வாய்ப்புக் கிடைத்ததும் அப்புறப்படுத்தலாம். 2009 அக்டோபர் 17, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் சண்டர்லாந்தும் லிவர்பூலும் ஆடின. பார்வையாளர் பக்கமிருந்து உள்ளே வந்த ஒரு கடற்கரை விளையாட்டுப் பந்து கோல் முன்னால் கிடந்தது. டேரன் பென்ட் அடித்த பந்து அதில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். அன்றைய விதிப்படி ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போட்டிருக்க வேண்டும். சண்டர்லாந்து அந்த ஒரே கோலில் வென்றது. அத்தனை கேமராக்கள் இருந்த மைதானத்தில் நடந்தது இது. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் கால்பந்து, ஒரு பக்கம் கிரிக்கெட், நடுவில் ஆட்டுக்கிடை என்று நடத்துகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பந்தின் மீதுள்ள முத்திரையைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஃபிஃபா 1996-இல் பந்துகளுக்குத் தரச் சோதனை தொடங்கியது. இன்று மூன்று படி முத்திரைகள் இருக்கின்றன: ஃபிஃபா பேசிக், ஃபிஃபா குவாலிட்டி, ஃபிஃபா குவாலிட்டி புரோ. மேல்படி முத்திரைக்குச் சோதனை கடுமை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 2000 முறை இரும்புத் தகட்டில் அடிக்கிறார்கள். அதன் பிறகும் உருவம் மாறக் கூடாது. தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்து எவ்வளவு குடித்தது என்று நிறுக்கிறார்கள். மூன்று நாள் வைத்துக் காற்று எவ்வளவு இறங்கியது என்று பார்க்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு எவ்வளவு எழும்புகிறது என்று அளக்கிறார்கள். இந்தக் கடைசிச் சோதனையை நாமும் செய்யலாம். சிமெண்டுத் தரையில், கதவு உயரத்திலிருந்து விட்டால், நல்ல பந்து இடுப்புக்கு மேலே, நெஞ்சு வரை எழும்பும். நான்கைந்து முறை விட்டுப் பாருங்கள். ஒரு முறை ஒரு உயரம், மறுமுறை வேறு உயரம், ஒரு பக்கமாக ஒதுங்கி எழும்புகிறது என்றால் உருண்டை கெட்டுவிட்டது.

முத்திரை இல்லாத பந்து சட்டவிரோதம் என்று ஒரு மேலாளர் வந்து வாதாடினால் அசந்துவிடாதீர்கள். ஃபிஃபாவும் கண்டக் கூட்டமைப்புகளும் நடத்துகிற போட்டிகளுக்குத்தான் முத்திரை கட்டாயம். தேசியச் சங்கங்கள் தங்கள் போட்டிகளுக்கு வேண்டுமானால் கேட்கலாம். நம் தடைக்கால எழுவர் போட்டிக்குச் சுற்றளவும் எடையும் காற்றும் சரியாக இருந்தால் போதும். ஜலந்தரில் தயாராகிற நிவியா போன்ற சாதாரணப் பந்துகளில்தான் நம் பையன்கள் வளர்ந்திருக்கிறார்கள். 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைக்காரர்கள் ஜலந்தரில் இந்தத் தொழிலை ஊன்றினார்கள். கட்டாந்தரைக்கென்று ரப்பர் மேலுறையில் வருகிற பந்து, பளபளக்கிற விலையுயர்ந்த பந்தைவிட நம் மண்ணில் நீண்ட நாள் உழைக்கும். புல்தரைக்குச் செய்த மெல்லிய மேலுறைப் பந்தை நம் சரளைத் தரையில் போட்டால் மூன்றாம் ஆட்டத்திலேயே தோல் உரியத் தொடங்கும். விலையைப் பார்த்து மேல் கீழ் என்று தரம் பிரிக்காதீர்கள், தரையைப் பார்த்து வாங்குங்கள்.

2024-இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பைகள் வந்தன. கால்பந்தும் அதில் உண்டு. சில ஊர்களில் அந்தப் பை பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். பந்து பத்திரமாக இருக்க வேண்டிய இடம் அலமாரி இல்லை. பயிற்சிக்கு எடுங்கள். ஆனால் தினமும் பயிற்சியில் அடிபட்ட பந்தை இறுதி ஆட்டத்துக்கு மேட்ச் பாலாகக் கொண்டுவராதீர்கள்; அதை மாற்றுப் பந்தாகக்கூட வைக்காதீர்கள். மேட்ச் பாலின் மீது நடுவர் பேனாவால் ஒரு அடையாளம் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

சிறுவர் போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டி என்று போட்டுவிட்டு, பெரியவர்கள் ஆடுகிற 5-ஆம் எண் பந்தைக் கொடுக்கிறோம். அது தவறு. இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிநிலைப் போட்டிகளுக்குப் பந்தின் அளவையும் எடையையும் மாற்றிக்கொள்ள விதியே வழிவிட்டிருக்கிறது. 4-ஆம் எண் பந்து ஏறக்குறைய 350 முதல் 390 கிராம், சுற்றளவும் குறைவு. பத்து வயதுப் பையனின் கழுத்துக்கு அந்த அறுபது கிராம் வித்தியாசம் பெரிய விஷயம். மே மாதத்துச் சூட்டில் இறுகிப்போன 5-ஆம் எண் பந்தைத் தலையால் முட்டச் சொல்கிற பயிற்சியாளரை நடுவர் தடுக்க முடியாது. அந்தப் பந்தை ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியும். உடற்கல்வி ஆசிரியர்கள் பள்ளிக்குப் பந்து கேட்டு எழுதும்போது எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்; எழுதாவிட்டால் 5-தான் வரும்.

நடுவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. இடைவேளையில் பந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மைய வட்டத்தில் விட்டுவிட்டுப் போனால், அந்தப் பத்து நிமிடத்தில் ஊரில் இருக்கிற சின்னப் பையன்கள் அத்தனை பேரும் அதில் பெனால்டி அடித்திருப்பார்கள். இரண்டாம் பாதிக்கு முன் ஒரு முறை அளவியை வைத்துப் பாருங்கள். ஒரு அணி பந்தைப் பற்றிப் புகார் சொன்னால் கோபப்படாமல் வாங்கிப் பார்த்து, சரியாக இருந்தால் “சரியாக இருக்கிறது, ஆடுங்கள்” என்று எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். புகார் சொல்கிறவரே பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கிறவர்தான். இருந்தாலும் நூற்றில் ஒருமுறை அவர் சொல்வது உண்மையாக இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் மேட்ச் பால் யாருக்கு? விதிப் புத்தகம் இதில் வாய் திறக்கவில்லை. மூன்று கோல் போட்டவருக்குப் பந்தைக் கொடுக்கிற வழக்கம் மேல்நாட்டில் உண்டு. நம் மன்றங்களின் கணக்குப் புத்தகம் அதைத் தாங்காது. போட்டிக் குழு பந்து என்றால் செயலாளரிடம் எண்ணி ஒப்படையுங்கள். அணி கொண்டுவந்த பந்து என்றால் அந்த கேப்டனிடமே திரும்பக் கொடுங்கள், தோற்றிருந்தாலும் சரி, ஜெயித்த கொண்டாட்டத்தில் மறந்து போயிருந்தாலும் சரி. வைக்கும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

வெளியே வராந்தாவில் ஒரு தராசும், டேப்பும், அளவி வைத்த பம்பும் வைத்திருக்கிறோம். உங்கள் மன்றத்துப் பந்துகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். நிறையப் பேர் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துவிடலாம். ஊர்ப் பெயரைப் பந்தில் எழுதாதவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள். கீழக்கரைக்காரர்களுக்கும் தொண்டிக்காரர்களுக்கும் பேருந்து நேரம் நெருங்குகிறது, அவர்கள் முதலில் வரட்டும்.